கீழே ஊற்றாத எண்ணெய்

மதார் சாகிப் தன் மில்லில் ஆமணக்கு ஆட்டியது ஒரே ஒரு தடவைதான். எழுபத்து நாலாம் வருஷம், ஆடி மாசம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம்.

புதுப்பட்டினம் கடைத்தெருக் கோடியில் தகரக் கொட்டகை போட்டு, ஒரு ரோட்டரி செக்கும் ஒரு மோட்டாரும் வைத்து அவர் மில் ஆரம்பித்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, எள், தேங்காய், இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் செக்குக்குள் விடமாட்டார். வேப்பங்கொட்டை, புன்னைக்கொட்டை என்று யாராவது கோணியோடு வந்தால், "இது வாயில வக்கிற எண்ணெ ஆட்டுற எடம்பா. அதெல்லாம் திருக்கழுக்குன்றத்துக்கு எடுத்துனு போ" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். 'உண்ணும் எண்ணெய் மட்டும்' என்று பலகை எழுதி மாட்டியிருந்தார். அந்த 'மட்டும்' அவருக்குப் பெரிய பெருமை. சுற்றுவட்டாரத்தில் "பாய் மில்லு எண்ணெ" என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் முகர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

திருநாவுக்கரசுக்கு மட்டும் அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அணு மின் நிலையக் கட்டட வேலைக்கு ஜல்லியும் மணலும் அடிக்கிற இருபது மாட்டு வண்டிகள் திருநாவுக்கரசுடையவை. மில் நிற்கிற மனையும் அவருடையது. மோட்டாருக்கு கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்காமல் ஒரு வருஷம் இழுத்தடித்தபோது ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அப்படிப்பட்டவர் இரண்டு மூட்டை ஆமணக்கை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, "வண்டி அச்சுக்குப் போட வெளக்கெண்ணெ வேணும் பாய். ஒரு தபா ஆட்டிக் குடு. கதவ சாத்திக்கினா வெளிய யாருக்குத் தெரியப் போவுது" என்றார்.

மதார் சாகிப் கதவைச் சாத்திக்கொண்டு ஆட்டினார். விளக்கெண்ணெய் மல்லாட்டை எண்ணெய் மாதிரி கடகடவென்று இறங்காது. தேன் மாதிரி உரலை விட்டுப் போகமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஆட்டி முடித்து டின்களை அனுப்பியபோது பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். காலையில் உரலைச் சுரண்டி, வெந்நீர் விட்டுக் கழுவி, இரண்டு மூன்று தடவை தவிடு போட்டு ஓட்டி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டு அப்புறம்தான் செக்கைத் தொட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் அவர் போவதற்கு முன்பே ஆதியம்மாள் மில் வாசலில் நின்றிருந்தாள்.

ஆதியம்மாள் கிழக்கே ஒரு மைலில் இருக்கிற பனந்தோப்புக் குப்பத்துக்காரி. ஐம்பத்தைந்து வயசு இருக்கும். தினமும் மீன் கூடையோடு பஸ் ஏறி செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவள். குப்பத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று ஊருக்கே வடை சுடுவது அவள்தான். இருபது வருஷமாக அவள் கைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை கூழ். அவள் மகன் மாரி, உடைத்த மல்லாட்டைப் பருப்பு மூட்டையை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, வலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

"பத்து மணிக்கு கரண்ட் பூடும்ன்றாங்களே பாய், சீக்கிரம் போடு" என்றாள் ஆதியம்மாள்.

கரண்ட் வெட்டுக் காலம் அது. பத்து மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். மறுநாள் சனிக்கிழமை முழுக்க இருக்காது என்றும் சொல்லியிருந்தார்கள். மதார் சாகிப் அவசர அவசரமாக உரலைச் சுரண்டினார். ஒரு படி தவிடு போட்டு ஒரே ஒரு தடவை ஓட்டி அள்ளினார். "இன்னா பாய், புதுசா தவுடெல்லாம் போடற" என்று அவள் கேட்டதற்கு, "சும்மா, சுத்தத்துக்கு" என்றார். அப்புறம் பருப்பைக் கொட்டி மோட்டாரைப் போட்டார்.

ஆதியம்மாள் பிண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்தாள். மருமகள் வச்சலாவுக்கு எட்டு மாசம் ஆகிறதாம். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லையாம். கூழுக்குச் சுடுகிற வடையை மட்டும் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். "எனுக்கு முன்னாடி எடுத்து வச்சிடு அத்தன்னு இப்பவே சொல்லி வச்சிகினு கீறா" என்று சிரித்தாள்.

முதல் எண்ணெய் இறங்கியது. மதார் சாகிப் விரலில் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். பசை மாதிரி இருந்தது. விரலைப் பிரித்தால் நூல் இழுத்தது. அதில் முக்கால்வாசி நேற்றைய எண்ணெய் என்று அவருக்குத் தெரிந்தது. முதல் இரண்டு மூன்று படியைப் பிடித்துக் கீழே கொட்டிவிட்டால் போதும். மிச்சத்தில் அவ்வளவாக இருக்காது. ஆனால் மூன்று முழத் தூரத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் கொட்டுகிறாய் என்று கேட்பாள். என்னத்தைச் சொல்வது? பலகையை மாட்டி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தி ஆமணக்கு ஆட்டினேன் என்று இந்த மீன்காரியிடம் சொல்வதா?

டின்னைக் குழாய்க்குக் கீழே வைத்தார். எல்லாம் ஒன்றாக இறங்கியது. மேலே மல்லாட்டை எண்ணெய் விழுந்து விழுந்து நிறமும் வாசனையும் சரியாகிவிட்டன. இவ்வளவு எண்ணெயில் அது என்ன செய்துவிடப் போகிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆட்டி முடித்தார். அன்றைக்கு ஜும்மா தொழுகையில் நிற்கும்போது அவர் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது மாதிரியே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் டீக்கடையில் சொன்னார்கள், பனந்தோப்புக் குப்பத்தில் வாந்தி பேதி என்று. ஞாயிறு மத்தியானம் கூழ் ஊற்றி, வடை கொடுத்து, சாயங்காலத்துக்குள் முப்பது பேருக்கு மேல் படுத்துவிட்டார்களாம். இப்படி ஒரே நாளில் இத்தனை பேருக்கு வந்தால் அது காலராவேதான் என்று ஒருவர் சொல்ல, அதையே எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். ஒன்பது மணிக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஜீப் வந்தது. குப்பத்துக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். சின்னக் குழந்தையிலிருந்து கிழவர் வரைக்கும் வரிசையில் நிறுத்தி ஊசி குத்தினார்கள். கூழ் ஊற்றிய பாத்திரங்களைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கச் சொன்னார்கள்.

அன்று மதியம் மில்லுக்கு எதிரே பஸ் நின்றபோது மதார் சாகிப் பார்த்தார். குப்பத்துப் பெண்கள் ஆறேழு பேர் கூடையோடு நின்றிருந்தார்கள். கண்டக்டர் படியில் குறுக்கே கையை நீட்டி நின்றுகொண்டு, "எறங்கும்மா, எறங்கு. காலரா கூடையெல்லாம் வண்டில ஏத்த முடியாது" என்றான். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பெண்களில் ஒருத்தி கண்டக்டரைத் திட்டினாள். மற்றவர்கள் பேசாமல் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார்கள். வெயிலில் மீன் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது.

மில் வாசலில் நின்று அதைப் பார்த்தவர் உள்ளே போய் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது காலரா இல்லை, என் செக்கு எண்ணெய் என்று அந்தக் கண்டக்டரிடம் போய்ச் சொன்னால் போதும். அவர் எழுந்திருக்கவில்லை. நிஜமாகவே காலராவாகவும் இருக்கலாமே என்று நினைத்துப் பார்த்தார். காலராவாக இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டார். அப்படி ஆசைப்பட்டதை நினைத்ததும் அந்தத் தனி இடத்திலும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

ராத்திரி சோறு போடும்போது அவர் மனைவி உம்மு சல்மா கேட்டாள். "வியாழக்கெழம உங்க லுங்கில வெளக்கெண்ணெ வாசன அடிச்சிது. மறுநாள் ஆதியம்மாவுக்கு ஆட்டிக் குடுத்தீங்க இல்ல?"

"அதுக்கு இன்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல. இன்ஸ்பெக்டர் ஜீப்பு நாளைக்கும் வரும்ன்றாங்க. போய்ச் சொல்லிடுங்களேன்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்று தட்டைத் தள்ளிவிட்டு, "வாய மூடிகினு இரு" என்று கத்தினார். அவள் சிதறின சோற்றைப் பொறுக்கி எடுத்தாள். அவள் தன்னைப் பார்க்காமல் பொறுக்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் மாரி மில்லுக்கு ஓடி வந்தான். சட்டைகூடப் போடவில்லை. வச்சலாவுக்கு இரண்டு நாளாக வயிறு போய்க்கொண்டே இருந்து, விடியற்காலையில் வலி கண்டுவிட்டதாம். பஸ்காரன் ஏற்றமாட்டேன் என்கிறான். வண்டிக்காரன் எவனும் குப்பத்துக்குள் வரமாட்டேன் என்கிறான்.

"நீ சொன்னா திருநாவுக்கரசு வண்டி அனுப்புவாரு பாய். திருக்கழுக்குன்றம் வரிக்கும் போனா போதும். அங்கேர்ந்து டாக்சி புடிச்சிக்கிறேன்."

மதார் சாகிப் ஓடினார். திருநாவுக்கரசு முதலில் முடியாது என்றார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடைசியில் ஒரு வண்டி கிடைத்தது. வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் போட்டு, உம்மு சல்மா கொடுத்தனுப்பிய தலையணையையும் வைத்து அனுப்பினார். அச்சுக்குப் புதிதாக எண்ணெய் போட்டிருந்தார்கள். வண்டி சத்தமே இல்லாமல் உருண்டது.

வண்டி மில்லைத் தாண்டும்போது மாரி கீழே குதித்து வந்து, நடுத்தெருவில், மதார் சாகிப்பின் காலைத் தொட்டான். "எல்லாரும் கதவ சாத்திக்கினாங்க பாய். நீ ஒருத்தன்தான்" என்றான். கடைத்தெருவில் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சீ, எழுந்திரு, எழுந்திருப்பா" என்று மட்டும்தான் மதார் சாகிப்பால் சொல்ல முடிந்தது. அன்று முழுக்க, பார்த்தவர்கள் எல்லாம் வந்து, நல்ல மனசு பாய் உனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை காலையில் அவர் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினார்.

பெரிய ஆஸ்பத்திரி பிரசவ வார்டு வராந்தாவில் ஒரு நர்ஸம்மாவைப் பிடித்து விசாரித்தார். செவ்வாய் ராத்திரி ஆண் குழந்தை பிறந்திருந்தது. மூணேகால் பவுண்டு. பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறார்கள். தாய் பிழைத்துக்கொண்டாள். பிள்ளையைப் பற்றி இன்னும் ஒரு வாரம் போனால்தான் சொல்ல முடியும்.

"ஏம்மா, மாசமா இருக்குறவங்க வவுத்துக்குள்ள வெளக்கெண்ணெ போனா வலி எடுக்குமா?"

"எடுக்கலாம். எடுக்காமலும் இருக்கலாம். எட்டு மாசத்துல தானாவும் பொறக்குறது உண்டு. ஏன் கேக்குறீங்க?"

அவர் வெளியே வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடியில் தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாலு நாளில் பாதியாக இளைத்திருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"வந்தியா பாய்? குப்பத்துலேர்ந்து ஒருத்தர் எட்டிப் பாக்கல."

"அவங்களுக்கும் ஒடம்பு முடியல இல்ல."

"அதில்ல பாய்." அவள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். "என் கை சுத்தமில்லன்றாங்க. மீன் கழுவுன கையோட மாவு பெசஞ்சிட்டேனாம் நானு. அம்மனுக்குத் தீட்டு ஆயிட்ச்சாம். இனிமே நீ சட்டி தொடாதன்னு மாயவன் எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டாரு." மாயவன் என்பவர் குப்பத்து நாட்டாமை. "நானும் ரோசன பண்ணிப் பாக்கறேன். மூணு தபா கழுவுனேன். பருப்பு ஊறப் போட்ட தண்ணி கூட மாத்துனேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரில. தெரியாம பண்ணிட்டேன் போலகீது. அந்தப் பொண்ணு மூஞ்சிய என்னால பாக்க முடில பாய். நான்தான அவளுக்கு மொத வட எடுத்துக் குடுத்தேன்."

தான் சுமக்க வேண்டியதை அவள் நாலு நாளாகச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று மதார் சாகிப்புக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் தரையில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வியாழக்கிழமை ஆமணக்கு ஆட்டியதைச் சொன்னார். ஒரு தடவை மட்டும் தவிடு ஓட்டியதைச் சொன்னார். அதற்குப் பிறகு நிறுத்திக்கொண்டார்.

ஆதியம்மாள் இவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எப்ப தெரியும் உனக்கு?" என்றாள்.

"திங்கக்கெழமையே…"

"ஆட்டும்போது தெரியாதா?"

பொய் சொல்ல அந்த ஒரு இடம் இருந்தது. "தெரியும்" என்றார். "விரல்ல தொட்டுப் பாத்தேன். தெரிஞ்சிது. நீ ஒக்காந்துனு இருந்த. சொல்றதுக்குக் கூச்சமா இருந்திச்சி."

"கூச்சம்" என்று அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. தூக்குப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நானா உன்ன கேட்டேன்? குப்பத்துல போய்ச் சொல்லு. மாயவன் முன்னாடி நின்னு ஆதியம்மா கை சுத்தம்னு சொல்லு. சொல்லிட்டு வா. வராட்டி கூட பரவால்ல. இப்ப எழுந்து போ பாய்."

மறுநாள் ஜும்மா முடிந்ததும் அவர் குப்பத்துக்கு நடந்தார். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனார். அம்மன் கோயிலுக்கு முன்னால் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் இவரைப் பார்த்ததும், வண்டி பிடித்துக் கொடுத்த மனிதர் என்று எழுந்து நின்றார்கள். ஒருவன் உட்காரப் பலகை கொண்டுவந்து போட்டான். அதில் அவரால் உட்கார முடியவில்லை.

நின்றுகொண்டே சொன்னார். கரண்ட் வெட்டில் ஆரம்பித்தார். அவசரம், நேரமில்லை, பெரிய மனிதர் ஒருவர் கேட்டார், தட்ட முடியவில்லை என்று சுற்றி வளைத்துக்கொண்டு போனார். மாயவன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கரண்ட்டு கத வேணாம் பாய். எண்ணெல இன்னா இருந்திச்சி?"

"வெளக்கெண்ணெ."

யாரோ ஒருவன் பின்னாலிருந்து சிரித்துவிட்டான். சாவு நோய் இல்லை, வெறும் விளக்கெண்ணெய் என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு. இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சிரிப்பை மதார் சாகிப் எதிர்பார்க்கவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார்.

"ஆதியம்மா கை சுத்தம்" என்றார் அவர், சிரிப்புக்கு நடுவில். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "அந்தம்மா கை சுத்தம். தப்பு என்னுது."

மாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அன்று காலையில்தான் திரும்பியிருந்தான். சிரித்தவர்கள் அடங்கினார்கள்.

"வண்டி புடிச்சிக் குடுத்தியே, அன்னிக்குத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினேதான் நின்னியா, நான் கால்ல வுழும்போது?"

மதார் சாகிப் தலையை ஆட்டினார். மாரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கையை ஓங்கவில்லை. திரும்பி, கட்டுமரங்கள் கிடந்த பக்கமாக நடந்து போய்விட்டான். அப்புறம் மாயவன், "சரி, போ பாய். ஆபீஸருகிட்டயும் இத சொல்லிடு. எங்க பொம்பளைங்க பஸ்ஸு ஏறணும்" என்றார்.

அங்கிருந்தே போய் இன்ஸ்பெக்டரிடமும் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. காலரா இல்லை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கண்டக்டர்கள் கூடைகளை ஏற்றினார்கள். மில்லுக்கு மூன்று மாசம் சீல் வைத்தார்கள். ஆமணக்கு கொடுத்தவர் யார் என்று கேட்டதற்கு மதார் சாகிப் பேர் சொல்லவில்லை. ஆட்டியது நான்தானே என்றார். அப்படியும் திருநாவுக்கரசு அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. வாசல் பலகையை உம்மு சல்மாவைக் கூப்பிட்டு ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, அவரே கழற்றினார். மில் மறுபடி திறந்தபோது கடைத்தெருப் பிள்ளைகள் அதற்கு 'வெளக்கெண்ணெ மில்லு' என்று பேர் வைத்திருந்தார்கள். ஆட்ட வருகிறவர்கள் நாளுக்கு இரண்டு மூன்று பேர்தான். வந்தவர்களிடமெல்லாம் செக்கைத் திறந்து காட்டி, தொட்டுப் பாருங்கள் என்றார். சிலர் தொட்டுப் பார்த்தார்கள். குப்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. ஆதியம்மாள் சட்டியைத் தொடலாம் என்று மாயவன் சொல்லிவிட்டதாகவும், அவள்தான் இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் கேள்விப்பட்டார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது.

தை மாசத்தில் ஒரு நாள், செக்கின் உலக்கைக் கட்டை தேய்ந்துபோய், அதைக் கடைசல் பிடிக்க செங்கல்பட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் கூட்டம். கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்ற பிறகுதான், பக்கத்து சீட்டில் ஆதியம்மாளும் வச்சலாவும் இருப்பதைப் பார்த்தார். வச்சலா மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஆதியம்மாளும் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முன் சீட்டிலிருந்த ஒரு அம்மாள் பின்னால் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தாள். எத்தனை மாசம் என்று கேட்டாள்.

"ஆறு முடிய போவுது" என்றாள் வச்சலா.

"ஆறு மாசமா? மூணு மாசத்துப் பிள்ள மாதிரி கீதே. பால் பத்தலியா? இன்னா ஆச்சி?"

வச்சலா மாமியாரைப் பார்த்தாள். மதார் சாகிப் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சொல்லட்டும் என்று நினைத்தார். இதோ நிற்கிறானே, இவனைக் கேளு என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லட்டும்.

"எட்டு மாசத்துல பொறந்திடிச்சி" என்றாள் ஆதியம்மாள். "சில பேருக்கு அப்பிடி ஆவும்."

முன் சீட்டு அம்மாள் உச்சுக்கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஆதியம்மாள் பிள்ளையின் தலையை மறைத்துத் துணியை இழுத்துவிட்டாள்.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. செங்கல்பட்டுக்கு இன்னும் ஒன்பது மைல் இருந்தது. மதார் சாகிப் கட்டையைத் தூக்கிக்கொண்டு, வழிவிடுங்க, வழிவிடுங்க என்று சொல்லி அங்கேயே இறங்கிவிட்டார்.